தன் குரலைத் திருடியவர்

தன் குரலைத் தானே திருடிவிட்டதாகத் தையல் மெஷின் மெக்கானிக்குக்குப் பகிர்வகத்திலிருந்து முதல் எச்சரிக்கை வந்தபோது, அவருக்குக் குரல் இல்லாமல் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

தொண்டையில் புற்று. டாக்டர்கள் குரல்வளையை எடுத்துக்கொண்டு உயிரைத் திருப்பிக் கொடுத்தார்கள். மூச்சு விட கழுத்தடியில் ஒரு துளை. பேச வேண்டுமானால் டார்ச் லைட் மாதிரி ஒரு கருவியைத் தாடைக்குக் கீழே அழுத்திக்கொண்டு வாயை அசைக்க வேண்டும். தகர டப்பாவில் மாட்டிக்கொண்ட வண்டு பேசப் பழகினால் எப்படி இருக்குமோ அப்படி வார்த்தை வரும். வாடிக்கையாளர்கள் பழகிவிட்டார்கள். தெருநாய்கூடப் பழகிவிட்டது. மகள் மட்டும் பழகவில்லை. ஆபரேஷன் நடந்தபோது அவள் தவழும் பிள்ளை. அவர் கருவியைக் கையில் எடுத்தாலே அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள்.

ஆனால் அவள் தினமும் தூங்கியது, தலைமாட்டில் கவிழ்த்து வைத்த போனில் அப்பாவின் குரலைக் கேட்டுத்தான். அந்தக் குரல் பகிர்வகத்தில் இருந்தது.

பகிர்வகம் என்றால் உலகத்து மக்கள் எல்லாம் வீடியோ எடுத்துப் போடுகிற இடம். மெக்கானிக்கும் நல்ல நாளில் சில நூறு வீடியோ போட்டிருந்தார். பாபின் கேஸில் பஞ்சு அடைத்தால் என்ன செய்வது, பெல்ட் தளர்ந்தால் எங்கே கை வைப்பது, நூல் அறுந்ததற்கு ஊசியைத் திட்டுவது ஏன் பாவம் என்று, கடை முக்காலியில் உட்கார்ந்து எண்ணெய்க் கையோடு பேசியிருந்தார். மற்ற பிள்ளைகள் ராஜா, ராணி, நரி என்று கேட்டுத் தூங்கும். இவள் "டென்ஷன் ஸ்குருவை இடது பக்கமாக ஒரு இழை திருப்புங்கள்" என்ற இடத்தில் கொட்டாவி விட்டு, ஊசித் தண்டு இறங்குவதற்குள் தூங்கிவிடுவாள். அது அப்பாவின் குரல் என்று அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. கொஞ்சம் பெரியவள் ஆகட்டும், பக்குவமாகச் சொல்லலாம் என்று இருவரும் தள்ளிப்போட்டிருந்தார்கள்.

அந்த வீடியோக்களை எல்லாம் மெக்கானிக் திறந்த உரிமையில் போட்டிருந்தார். அதாவது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், வெட்டலாம், ஒட்டலாம், விற்கவும் செய்யலாம், எடுத்தவர்கள் இவர் பேரை ஓர் ஓரத்தில் போட்டால் போதும். "கொடுத்துப் பாருங்கள், உலகம் உங்களுடையது" என்று பகிர்வகம் அந்தச் சமயத்தில் ஊரெல்லாம் விளம்பரம் செய்திருந்தது. மெக்கானிக் மனசு குளிர்ந்து கட்டத்தில் டிக் அடித்தார்.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி அன்றைக்கே சொன்னாள்: "கதவைத் திறந்து வைக்கிறது சரி. 'வாங்க, எடுத்துட்டுப் போங்க'ன்னு போர்டு வேற மாட்டணுமா?"

"அறிவுதானே, போனா என்ன?" என்றார் அவர். அப்போது அவருக்குக் குரல் இருந்தது. அதைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. இருக்கிறபோது யார் யோசிக்கிறார்கள்?

போனில் இடம் போதவில்லை என்று மூல வீடியோக்களை ஒரு நாள் அழித்தும் விட்டார். அதான் பகிர்வகத்தில் பத்திரமாக இருக்கிறதே!

எச்சரிக்கை வந்த நிமிடமே எல்லா வீடியோவிலும் சத்தம் நின்றுவிட்டது. படம் ஓடியது. மெக்கானிக் முக்காலியில் உட்கார்ந்து வாயை அசைத்தார், சிரித்தார், ஸ்குருவைத் தூக்கிக் காட்டினார். ஒரு சொல் இல்லை. பிரதி எடுத்து வைத்திருந்தவர்களின் பக்கங்களிலும் அதே கதி. பகிர்வகத்தின் இயந்திரம் வேலையில் அவ்வளவு சுத்தம்.

மகள் போனைத் தட்டினாள், குலுக்கினாள், ஓவென்று அழுதாள். அன்று அவள் தூங்கவில்லை.

மனைவி எச்சரிக்கையைப் படித்தாள். "டாக்டருங்க கிறுக்கறதையே படிக்கிறவ நான். இது எனக்கே புரியல. தேன்குரல்னு ஒரு கம்பெனியாம். அவங்க குரலை நீங்க அனுமதி இல்லாம எடுத்துப் போட்டுட்டீங்களாம்."

மெக்கானிக் கருவியை அழுத்தினார். "என் குர-லை-யா?"

"ஆமாங்க. உங்க குரலைத்தான் நீங்க திருடியிருக்கீங்க. கூட இருந்தே எனக்குத் தெரியாமப் போச்சு பாருங்க."

ஆட்சேபம் தெரிவிக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். மனைவி ஆட்சேபித்தாள். மறுநாளே பதில் வந்தது: "தங்கள் ஆட்சேபம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது. பரிசீலித்தவர்: தேன்குரல் நிறுவனம்."

"புகார் கொடுத்தவனே ஜட்ஜா?" என்றாள் மனைவி. "கோழியைக் காணோம்னு நரிகிட்டப் போய்ச் சொன்னா, அது ஏப்பம் விட்டுட்டு 'நல்லாத் தேடிட்டேன், இல்லை'ன்னு சொல்லுமாம். கிளம்புங்க. நேர்லயே போவோம்."

பகிர்வகத்தின் அலுவலகம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே யார் என்ன செய்கிறார்கள் என்று தெருவில் நிற்பவன்கூடப் பார்க்கலாம். ஒன்றும் செய்யவில்லை என்பதும் அதனால் தெரிந்தது. வாசலில் பெரிய எழுத்தில் "இங்கே கதவுகள் இல்லை" என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே இருந்த கதவைத் திறக்க அட்டை வேண்டும். அட்டை உள்ளே கொடுக்கிறார்கள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மனைவி கண்ணாடியைத் தட்டிய தட்டில், யாரோ ஒருவர் பயந்துபோய் வந்து திறந்துவிட்டார்.

அவர்களுக்கு ஒதுக்கப்பட்டவர் இணக்க அதிகாரி, அதாவது யார் விதியை மீறினார்கள் என்று பார்க்கிறவர். இளைஞர். புன்னகையைக் காலையில் மாட்டிக்கொண்டு மாலையில் கழற்றி வைக்கிறவர் போல இருந்தார்.

"முதல்ல உங்களுக்கு நன்றி சொல்லணும் சார். நீங்க திறந்த உரிமையில கொடுத்தீங்க. அந்தப் பெரிய மனசு இருக்கே, அதை நம்பித்தான் இந்த உலகமே ஓடுது."

"உலகம் ஓடட்டும் தம்பி," என்றாள் மனைவி. "என் வீட்டுக்காரர் குரல் எங்க?"

"தேன்குரல்காரங்க அதை எடுத்து, மெருகேத்தி, எழுதிக் கொடுத்தா எதை வேணும்னாலும் பேசற மாதிரி செஞ்சு வெச்சிருக்காங்க மேடம். கம்பெனி கம்பெனியா அந்தக் குரலை வாங்கிட்டுப் போறாங்க. நீங்க பெருமைப்படணும்."

"எடுத்துக்கிட்டாங்க, சரி. எங்களை ஏன் தடுக்கிறாங்க?"

"அவங்க அதைப் பதிவு செஞ்சாங்க. பதிவு செஞ்ச குரலோட உலகத்துல எது ஒத்துப்போனாலும் எங்க இயந்திரம் பிடிச்சிடும். உங்க வீடியோ அச்சு அசலா ஒத்துப்போகுது. இவ்வளவு துல்லியமான திருட்டை எங்க இயந்திரம் பார்த்ததே இல்லைன்னா பாத்துக்கங்க."

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டும் என்று மெக்கானிக் கேள்விப்பட்டிருக்கிறார். ஊர்ப் பிடாரி போலவே இருக்கிறாய் என்று சொல்லி விரட்டும் என்பது அவருக்குப் புதிது. கருவியை எடுத்தார். "நான் மு-தல்-ல போட்-டேன்."

"யார் முதல்ல போட்டாங்கங்கறது உணர்ச்சிபூர்வமான கேள்வி சார். யார் முதல்ல பதிவு செஞ்சாங்கங்கறதுதான் சட்டபூர்வமான கேள்வி."

"பெத்தது நான்," என்று மனைவி மகளைத் தூக்கிக் காட்டினாள். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்காரன் போய் 'என் புள்ளை'ன்னு பதிவு பண்ணிட்டா, இது அவன் புள்ளையா?"

அதிகாரி மகளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். "பதிவு பண்ணியாச்சா?" என்றார், உண்மையான அக்கறையோடு.

மனைவி பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இன்னொரு விஷயம்," என்றார் அதிகாரி. "திறந்த உரிமைன்னா பேரைப் போடணும், இல்லியா? அவங்க ஒழுங்கா உங்க பேரைப் போட்டிருக்காங்க. அவங்க பக்கத்துல கீழ, கீழ, இன்னும் கீழ போனீங்கன்னா, வெள்ளைப் பின்னணியில வெள்ளை எழுத்துல இருக்கும். ஆனா நீங்க உங்க வீடியோவுல ஒண்ணுலயாவது தேன்குரல் பேரைப் போட்டிருக்கீங்களா?"

"நான் போட்-டப்-போ அந்-தக் கம்-பெ-னி-யே இல்-லை!"

"அதைத்தான் சார் சொல்றேன். அவங்க வர்றதுக்கு முன்னாடியே அவங்க குரலை நீங்க எடுத்திருக்கீங்க. முன்யோசனையோட செஞ்ச மாதிரி ஆகிடும். அது கேஸுக்கு நல்லதில்லை."

அடுத்தது குரல் பரிசோதனை. குரல் இவருடையதுதான் என்று நிரூபணம் ஆனால் எல்லாம் திரும்பக் கிடைத்துவிடும் என்றார் அதிகாரி. நிரூபணம் ஆகாவிட்டால், எச்சரிக்கைகளின் எண்ணிக்கை கூடும். மூன்றாவதோடு கணக்கையே அழித்துவிடுவார்கள். அழித்தால் அழித்ததுதான்; கடவுளே வந்து கேட்டாலும் கடவுச்சொல் கேட்பார்கள்.

பஞ்சு ஒட்டிய சுவர்களும் கண்ணாடிக் கதவுமுள்ள சின்ன அறை. நடுவில் ஒரு மைக். மூலையில் ஒரு கேமரா. மெக்கானிக் போய் மைக் முன்னால் உட்கார்ந்தார்.

"இயல்பான குரல்ல நாலு வாக்கியம் பேசுங்க சார்."

மனைவி கண்ணாடிக்கு வெளியிலிருந்து கத்தினாள். "தம்பி, அவருக்குக் குரல்வளையே இல்லை! இத்தனை நேரம் பார்த்துட்டுத்தானே இருக்கீங்க!"

அதிகாரி சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். அதைப் பார்த்துப் படித்தார்: "தங்கள் இழப்பில் பகிர்வகக் குடும்பம் ஆழ்ந்த வேதனையுடன் பங்கு கொள்கிறது." அட்டையை உள்ளே வைத்தார். "பேசுங்க சார்."

"டாக்டர் சர்டிபிகேட் இருக்கு, பாருங்க!"

"அது குரல் இல்லைங்கறதுக்குத்தானே சாட்சி மேடம்? நாம குரல் இருக்குங்கறதுக்கு இல்ல தேடிட்டிருக்கோம்?"

மெக்கானிக் கருவியைத் தாடைக்கடியில் அழுத்தினார். வீடியோவில் பேசிய வார்த்தைகளையே பேசினால் இயந்திரத்துக்கு அடையாளம் தெரியுமோ என்று ஒரு நப்பாசை. "டென்-ஷன் ஸ்கு-ரு-வை இட-து பக்-க-மா-க ஒரு இ-ழை..."

கண்ணாடிக்கு வெளியே மகள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

இயந்திரம் யோசித்தது. திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடிச் சிவப்பாக நின்றது. அதிகாரியின் புன்னகை முதல் முறையாகக் கொஞ்சம் நகர்ந்தது.

"சார், ஒரு சின்ன சங்கடம். உங்க பழைய குரலோட இது ஒரு துளிகூட ஒத்துப்போகலை. அது பரவாயில்லை. ஆனா ஒரு பொம்மைக் கம்பெனி இருக்கு. அவங்க ரோபோ பொம்மை பேசற குரலைப் பதிவு செஞ்சு வெச்சிருக்காங்க. உங்க குரல் அதோட அப்படியே பொருந்துது."

"அதுக்கு?" என்றாள் மனைவி.

"நீங்க இப்பப் பேசினது அவங்க சொத்து மேடம்."

"அவரு பேசினது இந்த அறைக்குள்ள. வீடியோவாவா போட்டாரு?"

"வெளிப்படைத்தன்மைக்காக எல்லா விசாரணையையும் நேரலையா ஒளிபரப்புறோம் மேடம்." மூலையிலிருந்த கேமராவைக் காட்டினார். "யாரை விசாரிக்கிறோமோ அவங்க கணக்குலதான் போகும். அதனால இரண்டாவது எச்சரிக்கை வந்திருக்கு."

மெக்கானிக் எழுந்து நின்றார். கருவியை அழுத்தி, "அட பா-வி-களா!" என்றார்.

திரை மறுபடி சிவந்தது.

"மூணு," என்றார் அதிகாரி வருத்தத்தோடு. "நீங்க கொஞ்சம் சும்மா இருந்திருக்கலாம் சார். உங்க நிலைமையில அது சுலபம்னு நினைச்சேன்."

மனைவி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து அவர் கையிலிருந்த கருவியைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டாள். "இனிமே ஒரு வார்த்தை பேசாதீங்க. நீங்க வாயைத் திறந்தா எவன் சொத்துன்னு தெரியல." பிறகு அதிகாரியிடம் திரும்பினாள். அவள் குரல் இறங்கியிருந்தது. சண்டைக்காரியின் குரல் இறங்கினால் கேட்பவர்கள் பயப்பட வேண்டும். ஆனால் அவள் கெஞ்சினாள். "தம்பி, உரிமையும் வேணாம், ஒண்ணும் வேணாம். அவங்களே வெச்சுக்கட்டும். இந்தப் புள்ளை அவங்க அப்பா குரலைக் கேட்கிறது அந்த வீடியோவுல மட்டும்தான். ஒரே ஒரு வீடியோ. சத்தத்தோட, எங்க போன்ல ஏத்திக் குடுங்க. நாங்க யாருக்கும் காட்ட மாட்டோம்."

"புரியுது மேடம். ஆனா யாருக்கும் காட்ட மாட்டோம்னு சொல்றது திறந்த உரிமையோட ஆன்மாவுக்கே விரோதம்."

மேலே பெரிய கூட்டரங்கில் கைதட்டல் கேட்டது. தலைவர் பேசிக்கொண்டிருந்தார். அன்று பகிர்வகத்தின் திறந்த உரிமைப் பாராட்டு நாள். தலைவர் தன் உரையில் காட்டுவதற்கு எளிய படைப்பாளி ஒருவர் தேவைப்பட்டார். அழைத்திருந்தவரால் வர முடியவில்லை. அதிகாரி மெக்கானிக்கின் எண்ணெய்ச் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். தலைவர் மனசு வைத்தால் எதுவும் நடக்கும் என்றார். தாடி பற்றி எரியும்போது பீடிக்கு நெருப்புக் கேட்பவனிடமும், தண்ணீர் கிடைக்குமா என்று கேட்கத்தானே தோன்றும்? மூவரும் மேலே போனார்கள்.

தலைவர் மேடையில் மெக்கானிக்கின் தோளில் கை போட்டுக்கொண்டார். நல்ல வாசனை அடித்தது.

"நண்பர்களே! இவரைப் பாருங்கள். இவர் கொடுத்தவர். எதையும் எதிர்பாராமல் கொடுத்தவர். எதுவும் கிடைக்காதபோதும் கொடுத்தவர். இப்படிப்பட்டவர்கள் இல்லையென்றால் நாம் எதை எடுப்போம்? சிலர் கேட்கிறார்கள், திறந்த உரிமையில் கொடுத்தவனுக்கு என்ன பாதுகாப்பு என்று. நான் திருப்பிக் கேட்கிறேன்: கொடுத்துவிட்டவனிடம் பாதுகாக்க என்ன இருக்கிறது?" கைதட்டல். "பாதுகாப்பு எடுத்தவனுக்குத்தான் வேண்டும். அவனிடம்தானே பொருள் இருக்கிறது! படைப்பாளிகளே பகிர்வகத்தின் முதுகெலும்பு. நம் உடம்பில் எத்தனையோ உறுப்புகள் சத்தம் போடுகின்றன. முதுகெலும்பு என்றைக்காவது வாய் திறந்து பேசியிருக்கிறதா? அதுதான் அதன் பெருமை!"

அரங்கம் எழுந்து நின்று தட்டியது. மெக்கானிக்கின் சட்டையில் "திறந்த மனத்தார்" என்று ஒரு வில்லையைக் குத்தினார்கள். குத்தியது கொஞ்சம் தோலிலும் ஏறியது. அவர் "ஆ" என்றார். சத்தம் வரவில்லை.

"ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று தலைவர் மைக்கை நீட்டினார்.

மெக்கானிக் மேடையிலிருந்து மனைவியைப் பார்த்தார். மனைவி கருவி இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையை இடமும் வலமும் ஆட்டினாள். அவர் கழுத்துத் துளையைத் தொட்டுக் காட்டினார். பிறகு மகளைக் காட்டினார். இரண்டு கைகளையும் கூப்பினார்.

"பாருங்கள்!" என்றார் தலைவர், கண் கலங்க. "வார்த்தை வரவில்லை அவருக்கு!"

கீழே இறங்கியதும் மனைவி அதிகாரியை மடக்கினாள். "தலைவர் மனசு வெச்சா நடக்கும்னீங்களே, வெச்சாரா?"

"உங்க கோரிக்கையைத் தலைவர் மேசைக்கு அனுப்பியிருக்கேன் மேடம். முடிவைப் போன்ல கூப்பிட்டுக் கேட்டுக்கங்க. நேர்ல சொல்ற வழக்கம் இல்லை. நேர்ல சொன்னா மனசு ரொம்பக் கஷ்டப்படுது."

"யாருக்கு?"

"எங்களுக்கு மேடம்."

மறுநாள் மத்தியானம் கடையை அரைக் கதவு சாத்திவிட்டு மூவரும் உள்ளே உட்கார்ந்தார்கள். மெக்கானிக் முக்காலியில். மனைவி, பிரித்துப் போட்டிருந்த மெஷினைத் தள்ளி வைத்துவிட்டு மேசை ஓரத்தில். மகள் தரையில், நூல் கண்டுகளை உருட்டிக்கொண்டு. மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டு எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது.

"வணக்கம். பகிர்வகத்துக்கு உங்களை அன்போடு வரவேற்கிறேன்."

மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்குரு டிரைவர் கீழே விழுந்தது.

அதே குரல். கொஞ்சம் கரகரப்பு, வாக்கியம் முடிகிற இடத்தில் ஒரு சிறு சிரிப்பு. எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற குரல். பெண் பார்க்கப் போனபோது தண்ணீர் கேட்ட குரல். பகிர்வகமும் தேன்குரலிடம் ஒன்று வாங்கியிருந்தது. ஊரான் வீட்டு நெய் என்றால் எந்தக் கைதான் தாராளமாக இருக்காது?

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு வருடமாக அவளும் அதைப் பேச்சாகக் கேட்டதில்லை. பாபின் கேஸைப் பற்றித்தான் கேட்டிருந்தாள். இப்போது அது அவளிடம் பேசியது.

"உங்கள் கோரிக்கையைக் கேட்டு மனம் உருகினேன்," என்றது குரல். "ஆனால் உங்கள் கணக்கும் அதிலிருந்த எல்லா வீடியோக்களும் இன்று காலை நிரந்தரமாக அழிக்கப்பட்டன. இதனால் ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன். இந்தக் குரல் தேன்குரல் நிறுவனத்தின் சொத்து. இதைப் பதிவு செய்வதோ, வேறொருவருக்குப் போட்டுக் காட்டுவதோ குற்றம். வேறு ஏதாவது உதவி வேண்டுமா? வேண்டுமென்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள்."

மகள் நூல் கண்டை விட்டுவிட்டு எழுந்து வந்திருந்தாள். அவள் கண்கள் விரிந்திருந்தன. தூங்க வைக்கிற குரல் திரும்பி வந்துவிட்டது.

"அம்மா! மெஷின் மாமா!" என்றாள்.

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார்.

"மாமா இல்லைடி," என்றாள் மனைவி. பக்குவம் பார்க்க இனி நாள் இல்லை. "அது அப்பா. உங்க அப்பாடி."

மகள் முக்காலியில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சிரிக்க முயன்றார். மனைவியின் பையிலிருந்து கருவியை எடுக்கக் கை நீட்டினார். அதைப் பார்த்ததும் அவள் ஓரடி பின்வாங்கினாள். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் போனை இரண்டு கைகளாலும் எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா?" என்றாள்.

"மன்னிக்கவும்," என்றது அப்பாவின் குரல், அத்தனை அன்போடு. "நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை. தயவுசெய்து மறுபடியும் சொல்லுங்கள்."

அவள் மறுபடியும் சொன்னாள்.